கண்ணப்பரும் வாயில்லா உயிரும்



திருக்காளத்தி வரலாற்றில் இன்று ஓர் இடத்தில் மட்டும் சற்றே நிற்க விரும்புகிறேன். பெருமானின் வலக்கண்ணில் குருதி பெருகுகிறது. திண்ணனார் பச்சிலை தேடிக் கொணர்ந்து பிழிகிறார், நிற்கவில்லை. தசைக்குத் தசையே மருந்தாகும் என்று எப்போதோ கேட்டது நினைவுக்கு வருகிறது. அவர் யார்? வேடர், பன்றியைக் கொன்று அதன் இறைச்சியையே இறைவனுக்குப் படைத்தவர். காடு நிறைய மான்கள், கையிலே அம்பு. ஒரு மானின் கண்ணை அகழ்ந்து வந்து அப்பியிருக்கலாம் அன்றோ? அவ்வெண்ணமே அவருக்குத் தோன்றவில்லை. அம்பு தம் கண்ணையே நாடியது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1930-களில் அமெரிக்க நாட்டில், இமை மயிருக்குத் தீட்டும் சாயமொன்றால் பெண்களின் பார்வை கெட்டது. மக்களைக் காக்க 1938-இல் சட்டம் வந்தது. 1944-இல் டிரெய்ஸ் என்ற அரசு ஆய்வாளரும் அவர்தம் துணைவரும் ஒரு சோதனை முறையை வெளியிட்டனர். முயலின் தலை மட்டும் வெளியே தெரியுமாறு அதனைப் பெட்டியில் அடைப்பர். ஒரு கண்ணில் சோதிக்கும் பொருளை இடுவர். மறு கண்ணை ஒப்புநோக்க விட்டுவைப்பர். சிவப்பு, வீக்கம், புண் என்று நாள்தோறும் குறித்துக்கொள்வர். முயல் முன்காலால் கண்ணைத் துடைக்கவும் இயலாது. அவர்கள் நோக்கம் தீயதென்று நான் சொல்லேன். ஆயினும் மை தீட்டிக்கொள்ளும் ஆசை யாருடையது? நம் பாட்டிமார் விளக்கெண்ணெய் விளக்கில் புகை பிடித்து மை கூட்டினார்கள். அதைச் சோதித்ததும் தம் கண்ணிலேதான்! நம் பாரத நாட்டில் அழகுப் பொருள்களை விலங்குகளிடம் சோதிப்பது 2014-இல் தடை செய்யப்பட்டது. மிக நன்று.

மருந்தோ அத்தனை எளிதன்று. 1921-இல் கனடாவின் டொரண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் நாய்களை அறுத்து ஆராய்ந்தனர். அதன் பயனாக, மறு ஆண்டு சனவரியில், நீரிழிவால் மெலிந்து கிடந்த 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது, பிழைத்தான். புலால் மறுத்தோம் என்று பெருமை பேசும் நம்முள்ளும் அம்மருந்தால் உயிர் வாழ்வோர் உளர். பல்லாண்டுகள் அது மாடு, பன்றி இவற்றின் கணையத்திலிருந்தே எடுக்கப்பட்டது. அந்த நாய்களுக்கு நாம் கடன்பட்டவர்கள். மருந்தை வீசிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தாயிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் பின்னர் நடந்ததைக் கேளுங்கள். அறிஞர்கள் வேறு வழி தேடினார்கள். இன்று இன்சுலினை நுண்ணுயிர்களைக் கொண்டே ஆக்குகிறார்கள். புது மருந்துகளின் சோதனையிலும், மனித உயிரணுக்களைக் கொண்டு வளர்த்த அமைப்புகளையும் கணினிக் கணிப்பையும் பயன்படுத்த நம் அரசின் விதிகள் 2023 முதல் இடமளிக்கின்றன. இடமளிக்கின்றனவே அன்றிக் கட்டாயமாக்கவில்லை. வேறு வழி கைக்கெட்டிய பின்னும், பழகிய வழியென்று முயலையும் எலியையும் வதைப்போமாயின், அதற்கு மருந்து என்ற பெயர் காவலாகாது என்பதே அடியேன் துணிபு. இங்கே மருத்துவம் பயிலும் பிள்ளைகள் சிலர் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை நோக்கியே இதனைச் சொன்னேன்.

நாளை மாலை குங்கிலியக் கலயர் வரலாறு தொடரும். திருச்சிற்றம்பலம்.