மாணவர்க்குச் சட்டச் சொற்கள்

(பள்ளித் தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



எழுத்தறியாத உழவர் ஒருவர் வீட்டிற்கு முறைமன்றத்தினின்று ஒரு தாள் வருகின்றது. பத்தாம் வகுப்பிற் பயிலும் மகனிடம் அதை நீட்டி, "என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்லப்பா" என்கின்றார் அவர். மகன் தட்டுத் தடுமாறாமற் படித்துவிடுகின்றான். ஆயினும் வாதி யார், பிரதிவாதி யார், தாவா என்பது என்ன, ஆசராவது என்றால் என்ன என்பது ஒன்றும் அவனுக்கு விளங்கவில்லை. தாள் கூரையிற் செருகப்படுகின்றது. குறித்த நாளில் தந்தை மன்றத்திற்குச் செல்லவில்லை. மறுதரப்பாரை மட்டும் கேட்டு மன்றம் தீர்ப்பு வழங்கிவிடுகின்றது. இதுவே ஒருதலைத் தீர்ப்பு. அதனை நீக்குமாறு வேண்டிக்கொள்ள 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் தருவது 30 நாள்கள். அந்நாள்களும் கூரையிலேயே கழிந்துபோகின்றன.

அந்தத் தாளின் எழுத்தெல்லாம் தமிழ், சொல்தான் தமிழில்லை. 1956ஆம் ஆண்டின் தமிழ் ஆட்சிமொழிச் சட்டமும், அதன் 1976ஆம் ஆண்டுத் திருத்தமும் கீழமை மன்றங்களில் தமிழுக்கு இடந்தந்தன. இடம் கிடைத்தது; ஆனால் அவ்விடத்தில் அமர்ந்திருப்பவை பெரும்பாலும் நவாபுகள் காலத்துப் பாரசீக, அரபுச் சொற்களும் வடசொற்களுமே. வக்காலத்து, வாய்தா, சாமீன், சப்தி, வாரிசு என்று அடுக்கிக்கொண்டே போகலாம். எல்லா இடர்க்கும் சொல் ஒன்றே கரணியம் என்று கூறுவாரில்லை. எனினும் முதற் கதவு சொல்தான்.

மாணவர் முதலிற் கற்கவேண்டிய சொல் 'வழக்கு'. உலக வழக்கு, செய்யுள் வழக்கு என இலக்கண வகுப்பில் அவர்கள் அதை முன்பே அறிவர். வழங்கி வருவது வழக்கு. மரபாக வழங்கிவரும் உரிமை மீறப்பட்டதெனின் அதன் பொருட்டு எழும் பிணக்கும் வழக்கே. திருக்குறள் உரைப்பாயிரத்தில் பரிமேலழகர் அறத்தை ஒழுக்கம், வழக்கு, தண்டம் என மூன்றாகப் பகுத்து, ஒரு பொருளையே இருவர் தத்தமக்கு உரியதென்று மாறுபடுவதை வழக்கு என்கின்றார். கடன் முதலாக அதற்குப் பதினெட்டு வகையும் உண்டென்கின்றார். இதனைக் காட்டிவிட்டால் வழக்குத் தொடுப்பவர் வழக்காளி, எதிர்நிற்பவர் எதிர்வழக்காளி என்பன மனப்பாடம் செய்யாமலே நெஞ்சில் நிற்கும்.

அடுத்தது சான்று. இவ்விடத்தில் ஆசிரியர் சற்றே நின்று நிதானமாகக் கற்பிக்கலாம். ஏனெனில், பாடமே கதையாக இருக்கின்றது. பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட புராணத்தில், திருவெண்ணெய்நல்லூர் அவையின் முன் ஒரு கிழவரும் ஓர் இளைஞரும் நிற்கின்றனர். இளைஞர் நம்பியாரூரர். அவர் தமக்கு வழிவழி அடிமை என்பது கிழவரின் வழக்கு. அடிமை என்னும் பேச்சு இன்று செல்லாது. அவை அவ்வழக்கை உசாவிய முறையே இங்குக் கருதத்தக்கது. கிழவரின் சொல்லை மட்டும் கேட்டு அவையோர் முடிவு செய்யவில்லை. ஆட்சியாலோ, ஆவணத்தாலோ, அயலார் காட்சியாலோ மெய்ப்பிக்கும்படி வேண்டுகின்றனர். ஆட்சி என்பது அப்பொருள் இதுகாறும் யார் கையில் இருந்துவந்தது என்பது. ஆவணம் என்பது எழுதிய ஓலை. காட்சி என்பது கண்டார் கூற்று. மணப்பந்தலில் ஆரூரர் கிழித்தெறிந்தது படியோலைதான், மூலவோலை தம்மிடம் உள்ளது என்று கிழவர் அதனை எடுத்து நீட்டுகின்றார். அவையோரோ, ஆரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்து, இரண்டின் கையெழுத்தையும் ஒப்பிட்ட பின்னரே முடிவு கூறுகின்றனர். மூலம், படி, கையெழுத்து ஒப்பீடு! இன்று சட்டக் கல்லூரியில் பயிற்றுவன பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் நூலில் உள்ளன. சோழர் காலக் கல்வெட்டுகளில் விலையாவணம் என்னும் சொல்லும், ஆவணங்களைப் பதியும் இடமாகிய ஆவணக்களரியும் காணப்படுகின்றன. இத்தனை இருந்தும் கிரையப் பத்திரம் என்றுதான் எழுதிக்கொண்டிருக்கின்றோம்.

'சாட்சி' வடசொல். சால் என்னும் வேரினின்று வந்தது சான்று. சான்றோர் என்பதும் அவ்வேரினதே. பழந்தமிழில் கரி என்றும் கூறினர். பொய்க்கரி கூறியவன் சென்று தங்கிய மரமும் பட்டுப்போகும் என்பது கலித்தொகைக் காலத்து நம்பிக்கை. பொய்ச்சான்று குற்றம் என்று பிரிவு எண் சொல்லிக் கற்பிப்பதினும் அந்த மரத்தைக் காட்டிக் கற்பிப்பது எளிது.

குற்றவியலில் ஒரு வேறுபாட்டை மாணவர் உறுதியாகப் பற்றிக்கொள்ளுதல் வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவர் வேறு, குற்றவாளி வேறு. தீர்ப்பு வருமுன் எவரும் குற்றவாளி அல்லர். செய்தித்தாள்களும் இதில் நாள்தோறும் சறுக்குகின்றன. கோவலனை நினைத்துப் பார்க்கட்டும். பொற்கொல்லன் சொல்லையே தீர்ப்பாக்கி, உசாவல் என்னும் ஒன்றை விட்டுவிட்டான் பாண்டியன். கண்ணகி அவைக்களத்திற் செய்தது என்ன? அரசியின் சிலம்பில் முத்துப் பரல். தன் சிலம்பில் மாணிக்கப் பரல். உடைத்துக் காட்டினாள். சான்றுப்பொருள் என்றால் என்ன என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் எந்த நூலில் உண்டு?

சாமீன் என்பதற்குப் பிணை என்னும் சொல் இருக்கின்றது. இன்னொருவர்க்காகத் தம்மைக் கட்டிக்கொள்பவரே பிணையாளர். கயிறு பிணைத்தலைக் கண்ட பிள்ளைக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? தளைப்படுத்தியவரை 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்துதல் வேண்டும் என்கின்றது அரசியலமைப்புச் சட்டத்தின் 22ஆம் உறுப்பு. வாய்மொழியாகச் சொன்ன முறையீட்டைக் காவலர் எழுதி, சொன்னவர்க்கே படித்துக் காட்டிக் கையொப்பம் பெற்று, படியொன்றை விலையின்றித் தருதல் வேண்டும். படித்துக் காட்டும்போது விளங்காத சொல்லாயின் அக்கையொப்பம் எதற்கு?

ஆயினும் ஒன்று. வாய்தா, வக்காலத்து முதலியவற்றை மாணவர் காதிலும் ஏற்றலாகாது என்று கூறுவது பேதைமை. மன்றத் தாழ்வாரத்தில் அச்சொற்களே வழங்குகின்றன. அவற்றை அறியாதவன் அங்கு ஏமாறுவான். அயற்சொல்லை அறிந்துகொள்ளட்டும்; எழுதும்போது தமிழ்ச்சொல்லை எழுதட்டும். நூல்களுக்குள்ளேயே கிடந்து நாவேறாத புதுச்சொற்களை அவர்கள் மேல் சுமத்துவதும் வேண்டா. வழக்கறிஞர் என்னும் சொல் வக்கீலைப் பெரிதும் விலக்கிவிட்டது; மாசிசுதிரேட்டு என்பார் நடுவர் ஆகிவிட்டார். நல்ல சொல் நாவில் நிற்கும் என்பதற்கு இவை போதும்.

புதிய தடையொன்றும் வந்துள்ளது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டமும், 1872ஆம் ஆண்டின் சான்றுச் சட்டமும், 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் நீக்கப்பட்டு, 2024 சூலை முதல் நாள் தொட்டுப் புதியவை நடைமுறைக்கு வந்தன. அவற்றின் பெயர்கள் பாரதிய நியாய சன்கிதா, பாரதிய சாட்சிய அதிநியம், பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா என்பன. நடுவணரசின் சட்டவரைவு ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும் என்கின்றது 348ஆம் உறுப்பு. உள்ளே ஆங்கிலம்தான், பெயர்ப்பலகை மட்டும் வடமொழி. 'சாட்சிய அதிநியம்' என்று கேட்கும் பிள்ளைக்கு அது சான்றுச் சட்டம் என்று யார் கூறுவது? தமிழாசிரியர்தாம் கூறியாகவேண்டும்.

வரும் விடுமுறையில் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு நில ஆவணத்தைப் பெற்றோர் முன்னிலையில் பிரித்துப் படிக்கட்டும். விளங்காத சொற்களைத் தனித்தாளில் எழுதிக்கொண்டு வகுப்பிற்கு வரட்டும். ஆவணத்தை மட்டும் வீட்டிலேயே விட்டு வரட்டும்.