சந்தைக்காக வாதாடும் பாதிரியார்

பாதிரியார் ஒருவர் பொருளாதாரம் பேசினால் என்ன பேசுவார்? முதலாளிகளின் பேராசையைக் கண்டிப்பார், ஏழைகளுக்குக் கொடுங்கள் என்பார். அமெரிக்காவின் ராபர்ட் சிரிக்கோ அப்படிப்பட்டவர் அல்லர். தடையற்ற சந்தையே ஏழைக்கு நல்லது என்று வாதாடும் கத்தோலிக்கக் குரு அவர்.

இத்தனைக்கும் 1970களில் அவர் இடதுசாரிப் போராட்டக்காரர். நண்பர் ஒருவர் கொடுத்த பொருளாதார நூல்கள் அவரை மாற்றின. 1990இல் மிச்சிகன் மாநிலத்தில் ஆக்டன் கழகம் என்ற ஆய்வு அமைப்பைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். தானம் கொடுக்கவும் முதலில் யாராவது உழைத்துப் பொருளை உண்டாக்க வேண்டும் அல்லவா என்பது அவர் கேள்வி. ஏழையை ஏந்திய கையாக மட்டும் பார்ப்பது அவனை அவமதிப்பது என்கிறார்.

இது வெறும் வாய்ப்பேச்சா? ஹெய்ட்டி நாட்டைப் பாருங்கள். 2014இல் ஆக்டன் கழகத்தார் உருவாக்கிய ஆவணப்படம் ஒன்று அந்நாட்டு அரிசியின் கதையைச் சொல்கிறது. அமெரிக்க அரசின் மானியத்தில் விளைந்த மலிவு அரிசி அங்கே வந்து குவிந்தது. உள்ளூர் நெல் விவசாயி விலை போகாமல் நொடித்துப் போனார். பிழைப்புத் தேடி நகரத்துக் குடிசைகளுக்குப் போனவர்கள் பலர். அந்தக் கொள்கைக்காக 2010இல் முன்னாள் அதிபர் கிளின்டனே அமெரிக்க செனட் குழுவின் முன் வருத்தம் தெரிவித்தார். இலவசமாகவும் மலிவாகவும் வருவதெல்லாம் உதவி ஆகிவிடாது என்று பாதிரியார் தரப்பு சொல்வதை இங்கே மறுக்க முடியவில்லை.

ஆனால் கதையில் பாதிதான் இது. அந்த அரிசி உள்ளே வர வழிவிட்டது எது? 1990களின் நடுவில் ஹெய்ட்டி தன் அரிசி இறக்குமதி வரியை 3 விழுக்காட்டுக்குக் குறைத்தது. சந்தையைத் திறந்துவிடு என்ற அதே உபதேசத்தின் பலன்! ஒரு பக்கம் மானியம், மறுபக்கம் திறந்த கதவு. நடுவில் நசுங்கியவர் விவசாயி. மானியத்தைச் சாடும் அளவுக்கு இந்தக் கதவைப் பற்றியும் பேசினால்தான் வாதம் நியாயமாகும் என்பது என் எண்ணம்.

திருச்சபை இதில் ஒருபக்கம் சாயவில்லை. 1891இல் போப்பாண்டவர் 13ஆம் லியோ தனிச்சொத்துரிமையை ஆதரித்தார். அதே மடலில் நியாயமான கூலியையும் தொழிலாளர் சங்கங்களையும் வலியுறுத்தினார். 100 ஆண்டு கழித்து, 1991இல், இரண்டாம் ஜான் பால் தொழில் முயற்சியையும் சந்தையையும் ஏற்றுக்கொண்டார். ஆனால் உறுதியான சட்ட வரம்புக்குள் அது இருக்க வேண்டும் என்றார். சிரிக்கோ அந்த மடலைப் பெரிதும் போற்றுபவர். போப் பிரான்சிஸ் 2013இல், மேலே செல்வம் பெருகினால் கீழே தானாக வடியும் என்ற நம்பிக்கையையே கடுமையாகச் சாடினார்.

அந்தச் சட்ட வரம்பை யார் போடுவது, எவ்வளவு இறுக்கமாகப் போடுவது? இன்றைய அரங்கில் இருக்கும் விருந்தினர்களிடம் என் முதல் கேள்வி இதுதான்.