பறிபோகும் பாடவேளை

உடற்கல்வி ஆசிரியர் ஒருவரின் நினைவைப் போற்றும் இந்த மேடையில் பேசுவதற்கு நான் வேறு பொருள் தேடவில்லை. ஏழை வீட்டுப் பதின்வயதுப் பிள்ளைகளின் உடல்நலம் என்றதும் புதிய திட்டம் ஒன்றைக் கேட்பதே நம் வழக்கம். நான் கேட்பது பழைய ஒன்றைத்தான். அரசுப் பள்ளியின் கால அட்டவணையில் ஏற்கெனவே இருக்கும் பி.டி. பீரியடை அந்தப் பிள்ளைகளிடமே விட்டுவையுங்கள்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் பள்ளி மாணவர்களைக் கணக்கிட்டு 2019இல் வெளியிட்ட ஆய்வில், 11–17 வயதினரில் 81 விழுக்காட்டினர் அந்த அளவை எட்டவில்லை. பெண்களில் மட்டும் 85. இந்தக் குறை எல்லா வீட்டுக்கும் உண்டு. அதை ஈடுகட்டும் வழிதான் எல்லா வீட்டிலும் இல்லை. வசதியுள்ள பிள்ளைக்கு மாலையில் நீச்சலோ ஷட்டில் கோச்சிங்கோ காத்திருக்கும். சென்னையின் விளிம்பில் குடியமர்த்தப்பட்ட பெரும்பாக்கத்துச் சிறுமிக்கு, பள்ளி விட்டால் தண்ணீர்க் குடமும் தம்பியும். இருட்டினால் வெளியே அனுப்ப வீடு அஞ்சும். பள்ளி மைதானம்தான் அவளுக்கு மைதானம். ‘போர்ஷன் முடியலை’ என்று கணக்குப் பாடம் பி.டி.யின் முக்கால் மணியை எடுத்துக்கொள்ளும் நாளில், பந்து பீரோவுக்குள் காற்றிறங்கிக் கிடக்கும். அவள் இழந்த நேரம் வேறு எங்கும் திரும்பக் கிடைக்காது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு மைதானம் வேண்டும் என்கிறது. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. முழுநேரம் என்று சொல்ல அந்தச் சட்டத்துக்கே மனம் வரவில்லை. 9ஆம் வகுப்பில், பொதுத்தேர்வின் அச்சம் தொடங்கும் இடத்தில், அந்தக் காப்பும் நின்றுவிடுகிறது.

மதிப்பெண் குறையுமே என்பார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010இல் 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. உடலியக்கத்துக்கும் படிப்புக்கும் இடையே அவை கண்ட தொடர்புகளில் ஏறத்தாழப் பாதி நன்மையாகவே இருந்தன. கெடுதலாக இருந்தவை நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்பது இன்னொரு வாதம். குடம் சுமந்தால் இடுப்பு வலிக்கும். தோழிகளோடு ஓடி, தோற்று, சிரித்து, மறுபடி ஓடும்போது மனம் கொள்ளும் ஆறுதல் குடத்தில் கிடைக்காது.

மறுக்க முடியாத வாதம் பசியைப் பற்றியது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15–19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. வெறும் வயிற்றோடு வந்தவளை வெயிலில் ஓடவிடுவது கொடுமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவள் ஓட்டத்தை நிறுத்திவிட்டால் பசி தீருமா? வாரம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை பள்ளியில் தரப்படுகிறது, நல்லது. தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டமோ 2022இல் 1 முதல் 5 வகுப்பு வரைக்கென்றே தொடங்கப்பட்டது. வளர்த்தியும் மாதவிடாயும் சேர்ந்து உடல் அதிகம் கேட்கும் வயதில் தட்டு எடுக்கப்பட்டுவிடுகிறது. 6ஆம் வகுப்புக்கு மேலும் அந்த உப்புமாவும் பொங்கலும் போக வேண்டும். உடற்கல்விக்கான முதல் செலவாகவே அதை எழுத வேண்டும்.

பெரும்பாக்கம் போலவே சென்னையின் குடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரின் கார்த்திகா 2025இல் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் ஆடியதை ஊரே கொண்டாடியது, மனமார. அந்த வெற்றியைக் காட்டி, திறமை இருந்தால் தானாக வந்துவிடும் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. எந்த அணியிலும் இடம்பெறப் போகாத பிள்ளையைப் பற்றியே என் கவலை. சுடிதாரும் செருப்புமாக வரிசையின் கடைசியில் நின்று, ‘வயித்து வலி சார்’ என்று வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்துவிடுகிறாளே, அவள். அது என்ன வலி என்று கேட்கக்கூடிய ஒரு பெண் உடற்கல்வி ஆசிரியரும், தண்ணீர் வரும் ஒரு கழிப்பறையும் அந்தப் பள்ளியில் உண்டா என்றுதான் நான் முதலில் விசாரிப்பேன்.