சாந்தோ டொமிங்கோ நகரிலே



இந்தியாவை நாடிக் கடலேறிய கொலம்பஸ், 1492-ஆம் ஆண்டின் இறுதியில் கரீபியன் கடலிலுள்ள ஹிஸ்பானியோலாத் தீவை அடைந்தார். ஆசியாவின் ஓரத்தை எட்டிவிட்டதாகவே அவர் எண்ணினார். ஆதலின், அங்கு வாழ்ந்த தாயினோ மக்களை இந்தியர் என்றே அழைத்தார். நம் பெயரை இவ்வாறு பெற்ற அம்மக்களின் மண்ணில் எழுந்ததுதான், இன்று டொமினிக்கன் குடியரசின் தலைநகராக விளங்கும் சாந்தோ டொமிங்கோ.

கொலம்பஸின் தம்பி பார்த்தலோமியு, 1490-களின் பிற்பகுதியில் ஒசாமா ஆற்றின் கீழ்க்கரையில் இந்நகரை நிறுவினார். 1502-இல் பெரும்புயல் அதனைச் சிதைக்கவே, ஆளுநர் ஒவாந்தோ மேற்கரையில் அதைப் புதிதாக அமைத்தார். அமெரிக்கக் கண்டத்தில் ஐரோப்பியர் நிறுவி, இன்றளவும் இடையறாது மக்கள் வாழ்ந்துவரும் நகரங்களுள் இதுவே மூத்தது. இதன் பழம்பகுதியை 1990-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

ஒசாமாக் கோட்டையிலிருந்து வடக்கே செல்லும் சீமாட்டியர் தெருவில் நடந்தேன். கொலம்பஸின் மகன் தியேகோவின் மனைவி மரியாவும், அவருடைய தோழியரும் உலவிய தெருவாதலால் அப்பெயர். தெருவின் முடிவில், ஆற்றை நோக்கி வளைவுகளோடு நிற்கிறது தியேகோவின் மாளிகை. சற்றுத் தொலைவில், 1540-ஐ ஒட்டி முற்றுப்பெற்ற தலைமைக் கோயில். பவளப்பாறையினின்று வெட்டிய கல் வெயிலில் பொன்னிறமாக ஒளிர்கிறது. 1586-இல் ஆங்கிலேயரான டிரேக் இந்நகரைக் கைப்பற்றி, அக்கோயிலிலேயே தங்கி, 25,000 டக்காட் பொன் பெற்ற பின்னரே அகன்றார்.

இவ்வழகைக் கண்டு மகிழ்ந்த உள்ளத்தில் ஒரு கேள்வியும் எழுந்தது: இந்நகர் எழும்ப உழைத்தவர் யார்? தாயினோ மக்களைப் பிடித்துப் பொன் அரிக்கவும் நிலம் உழவும் வைத்தனர். கொடிய உழைப்பாலும், பசியாலும், புதிதாக வந்த நோய்களாலும் அரை நூற்றாண்டுக்குள் அவர்களில் மிகச் சிலரே எஞ்சினர். அவர்கள் குறையக் குறைய, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொணர்ந்து கரும்பாலைகளில் பூட்டினர்.

இக்கொடுமையை எதிர்த்து அந்நகரிலேயே ஒரு குரல் எழுந்தது என்பதை நாம் மறத்தலாகாது. 1511-ஆம் ஆண்டு டிசம்பரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தோனியோ தெ மொன்டெசினோஸ் என்னும் துறவி பிரசங்க மேடை ஏறினார். இம்மக்களும் மனிதரல்லரோ என்று ஆள்வோரின் முகத்தெதிரே வினவினார். சொன்னதைத் திரும்பப் பெறுமாறு தியேகோவும் பிறரும் சினந்து நின்றனர். மறுவாரம் அத்துறவி அதனையே மேலும் வலியுறுத்திப் பேசினார். அதன் விளைவாக 1512-இல் ஸ்பெயின் மன்னர் சில சட்டங்களை இயற்றினார். அவை கொடுமையை நிறுத்தவில்லை. ஆயினும், அது கொடுமையே என்பது அன்றே உரைக்கப்பட்டுவிட்டது.

கடற்கரையில் அத்துறவிக்குப் பேருருவச் சிலை உண்டு. வாயருகே கையைக் குவித்து, அலைகளை நோக்கிக் கூவுகின்ற தோற்றம். ஆற்றின் அக்கரையிலோ, 1992-இல் திறக்கப்பெற்ற கொலம்பஸ் கலங்கரை விளக்கம் சிலுவை வடிவில் கிடக்கிறது. அவருடைய எலும்புகள் அங்கே உள்ளன என்பர். அவை தம்மிடமே உள்ளன என்பர் ஸ்பெயினின் செவில் நகரத்தார். இரண்டையும் கண்ட எனக்கு, சிலையின் அடியிலேயே நெடுநேரம் நிற்கத் தோன்றியது.

தாயினோ மக்கள் அடியோடு மறைந்தனர் என்றும் சொல்வதற்கில்லை. அவர்கள் சுட்ட மரவள்ளி அப்பம் இன்றும் அந்நாட்டார் உணவில் இருக்கிறது. அவர்கள் உண்ட மிளகாயோ, கடல் கடந்து வந்து நம் அடுக்களையையே ஆள்கிறது!

தில்லியிலும், கல்கத்தாவிலும், பம்பாயிலும் வாழும் நேயர்களே! கோட்டைகளுக்கும் மாளிகைகளுக்கும் நடுவேதான் நீங்களும் வாழ்கிறீர்கள். விடுமுறை நாளில் குழந்தைகளுக்கு அவற்றைக் காட்டும்போது, கட்டுவித்தவர் பெயரைச் சொல்லுங்கள். கல் சுமந்தவர்களைப் பற்றியும் இரண்டு சொல் சொல்லுங்கள்.