காய்ச்சலில் தளரும் இருதயம்

(துணையாளர் கூடுகையில் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



 

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் அடிக்கடி காணும் ஒரு நிலைமையை உங்கள் முன் வைக்கிறேன். வயலில் களை எடுக்கும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரமாகக் காய்ச்சல். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்த்தார். எட்டாம் நாள் மூச்சு வாங்குகிறது, கைகால் சில்லிட்டுவிட்டது, இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது. டிரோபோனின் என்னும் இரத்தப் பரிசோதனை செய்கிறோம். அளவு உயர்ந்திருக்கிறது.

உடனே வீட்டார் கேட்கிறார்கள்: "டாக்டர், மாரடைப்பா? பெரிய ஊருக்குக் கொண்டுபோய் ஆஞ்சியோ பண்ணணுமா?"

இந்தக் கேள்விக்குத் தவறான பதில் சொன்னால் அந்தத் தாயையே இழக்க நேரிடலாம்.

டிரோபோனின் என்பது இருதயத் தசைக்குள் இருக்கும் ஒரு புரதம். தசை காயப்படும்போது அது இரத்தத்தில் கசிகிறது. காயம் பட்டிருக்கிறது என்று அது சொல்லும். காயப்படுத்தியது யார் என்று சொல்லாது. இரத்தக் குழாய் அடைபட்டாலும் அது ஏறும். குழாயில் ஒரு அடைப்பும் இல்லாமல், செப்சிஸ் நோயிலும் ஏறும்.

கிருமியை எதிர்க்க வேண்டிய உடல், நிதானம் இழந்து தன் உறுப்புகளையே சேதப்படுத்திக்கொள்ளும் நிலையே செப்சிஸ். 2017ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 4 கோடியே 89 லட்சம் பேருக்கு இது வந்ததாகவும், 1 கோடியே 10 லட்சம் பேர் மரித்ததாகவும் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். உலகில் நேர்ந்த மரணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று!

இந்நோயில் இருதயமும் தளர்ந்துபோகும். 1984ல் அமெரிக்க மருத்துவர்கள், செப்சிஸ் அதிர்ச்சியில் இருந்த 20 பேரின் இருதயங்களைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். பிழைத்தவர்களின் இருதயம் முதலில் விரிந்து, பலம் குன்றியிருந்தது. சுமார் பத்து நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பியது. எவ்வளவு ஆறுதலான செய்தி! அந்தப் பத்து நாட்களைக் கடத்திவிட்டால் தளர்ந்த இருதயம் மறுபடியும் எழுந்து நிற்கக்கூடும்.

பி.என்.பி. என்று இன்னொரு பரிசோதனை உண்டு. இந்தப் பொருளை 1988ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்றியின் மூளையில் கண்டதால் அதற்கு மூளையின் பெயர் வந்தது. ஆனால் அதை அதிகமாகச் சுரப்பது இருதயமே என்று பின்பு தெரிந்தது. சுமை கூடி இருதயச் சுவர் விரியும்போது அது ஏறும். சிறுநீரகம் பழுதானாலும் ஏறும். ஆகவே இதையும் தனியாக நம்ப முடியாது.

அப்படியானால் இப்பரிசோதனைகளால் என்ன பயன்? "இந்த நோயாளியை இன்னும் கவனமாகப் பார்" என்று அவை நம்மைத் தட்டி எழுப்புகின்றன. பின்பு ஈ.சி.ஜி. எடுக்கிறோம். கட்டிலருகிலேயே எக்கோ செய்கிறோம். தட்டணுக்களை எண்ணுகிறோம். தட்டணு குறைந்திருக்கும் ஒருவருக்கு, மாரடைப்பு என்று எண்ணி இரத்தம் உறையாதிருக்க ஊசி போட்டால் இரத்தப்போக்கில் முடியலாம்.

இரத்த அழுத்தம் இறங்கினால் குளுக்கோஸ், சலைன் என்று பாட்டில் பாட்டிலாக ஏற்றுவதே வைத்தியம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஓரளவு தேவைதான். ஆனால் உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் 3,141 பிள்ளைகளிடம் நடத்தி 2011ல் வெளியான ஆய்வில், வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 100க்கு 10 பேருக்குச் சற்று அதிகமானோர் 48 மணி நேரத்திற்குள் மரித்தார்கள். அப்படி ஏற்றப்படாதவர்களில் மரித்தவர்கள் 100க்கு 7 பேர். வண்டி மாடு படுத்துவிட்டால் இன்னும் மூட்டை ஏற்றுவோமா? எக்கோவில் இருதயம் தளர்ந்திருப்பதைக் கண்டால், திரவத்தை அளந்து கொடுத்து, நார்அட்ரினலின் போன்ற மருந்தால் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறோம். தேவைப்பட்டால் டோபுடமின் சேர்க்கிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மூல நோய்க்கிருமியைத் தேட வேண்டும். அந்தத் தாயின் அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ, சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருப்புப் புண் இருக்கிறதா? இருந்தால் அது உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் இந்தியாவின் பல மருத்துவமனைகளில் நடந்து 2023ல் வெளியான ஆய்வு ஒரு நல்ல வழியைக் காட்டியது. கடுமையான ஸ்க்ரப் டைஃபஸில் டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடச் சிக்கல்கள் குறைகின்றன.

நண்பர்களே, வீட்டுக்குப் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். காய்ச்சலோடு மூச்சு வாங்குதல், பேச்சுக் குழறுதல், சிறுநீர் குறைதல், கைகால் சில்லிடுதல் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். அண்டை வீட்டாருக்கும் இதைச் சொல்லுங்கள். செப்சிஸ் அதிர்ச்சியில் முதல் மணி நேரத்திற்குள் மருந்து உடலில் இறங்க வேண்டும். அந்த மணி நேரத்தைக் காப்பாற்ற உங்களால் முடியும். அதன் பிறகு அந்தத் தளர்ந்த இருதயத்தோடு விழித்திருப்பது எங்கள் வேலை.