வெந்த பயறும் வீட்டாரின் விழிப்பும்

(மதுரையில் நம் சங்கத்தார் குடும்பங்களுடன் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சங்க மேடையில் அடுக்களையைப் பற்றிப் பேசுதல் தகுமோ என்று சிலர் ஐயுறலாம். கல்வியும் தொழிலும் உடல் நலமுடையார்க்கே பயன் தருமாதலின், உணவாராய்ச்சியும் சமூக முன்னேற்றத்தின்பாற்பட்டதேயாம்.

வெந்த பயறு நமக்குப் புதிதன்று. உசிலம்பட்டிப் பக்கத்தில் விளையும் மொச்சையைப் பச்சையாக அவித்துண்பதும், ஊறவைத்துத் தோல் நீக்கிப் பிதுக்குப்பருப்பாகக் குழம்பிலிடுவதும், விழாக்களிற் சுண்டல் வழங்குவதும் நம் முன்னோர் வழக்கம். இந்நாளிலோ அவித்த கொண்டைக்கடலையும் ராஜ்மாவும் டப்பாக்களிலும் பைகளிலும் அடைபட்டுக் கடைக்கு வருகின்றன.

இவற்றை வாங்கிய மருமகளைச் சோம்பேறியென்று மூத்தோர் கடிந்தமை எம் இல்லத்திலேயே நிகழ்ந்தது. காலையில் அலுவலுக்குச் செல்லும் பெண், இரவில் கடலையை ஊறவைக்க மறந்தால் பிள்ளைகளுக்கு அன்று பயறே இல்லை. பயறில்லாத சோற்றினும் டப்பாப் பயறு மேலன்றோ? பழித்தது எம் பிழையே என்று பின்னர் உணர்ந்தோம். ஆயினும், ஆராயாது வாங்குதலும் பிழையேயாம்.

உணவைக் கலத்திலிட்டுக் காற்றுப் புகாமல் மூடிக் கொதிக்கவைத்துக் காக்கும் முறையைப் பிரான்சு தேசத்து நிக்கோலா அப்பேர் என்பார் 1810இல் நூலாக வெளியிட்டார். இக்காலத்து ஆலைகளில் பயறு போன்றவற்றை மூடிய கலத்தில் ஏறத்தாழ 121 பாகை வெப்பத்தில் அவிக்கின்றனர். கொதிநீரின் 100 பாகைக்கு அழியாத கொடிய கிருமி வித்துக்களும் அவ்வெப்பத்தில் மடியும். அவ்வேலை குறைவுபடின் உள்ளே கிருமி பெருகி நஞ்சுண்டாகலாம். ஆதலின் உப்பிய டப்பாவையும், ஒழுகும் பையையும் ருசி பார்த்தலும் ஆகாது, எறிந்துவிடுக.

இரண்டாவது, உப்பு. ஒருவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்பிற்கு மேல் வேண்டாவென்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கருத்து. உறையில் சோடியம் 400 மில்லிகிராம் என்றிருந்தால், அது ஏறத்தாழ 1 கிராம் உப்பாகும். டப்பாவின் நீரை வடித்துப் பயற்றை நன்கு அலசினால் உப்புக் கணிசமாகக் குறையும். இரத்தக் கொதிப்புள்ள பெரியோர் வாழும் வீட்டில் இதனை மறவற்க. தேதியையும் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க உரிம எண்ணையும் நோக்குக.

மூன்றாவது, அரைவேக்காடு. சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப்பொருள் உண்டு. அது முற்றும் வேகாவிடில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் விளைக்கும். இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, புதுநீரிற் கொதிக்கவைத்து நன்கு வேகவிடுக. டப்பாவிலுள்ளது முன்பே வெந்ததாதலின் இவ்வச்சம் இல்லை.

செலவைக் கருதுவோர்க்கு ஓர் எளிய வழியுண்டு. விடுமுறை நாளில் மொச்சையோ தட்டைப்பயறோ மிகுதியாக அவித்து, ஆறியவுடன் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, மூன்று நாட்களுக்குள் உண்ணலாம். வெளியில் வைத்தால் மதுரை வெயிலுக்கு அன்று மாலையே ஊசிப்போகும்.

சகோதரிகளே! கடைப்பயறும் வீட்டுப்பயறும் பகையல்ல. வாங்குவோரைப் பழியாது, உறையைப் படிக்கக் கற்பிப்போம். ஆடவரும் இரவில் ஒரு படி பயறு ஊறவைக்கக் கற்பாராக. நம் இல்லந்தோறும் நாளும் பயறு வேகுமாயின், நம் குழந்தைகள் உரம்பெற்று வளர்வர்.