முதுமையும் உணவும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



2012ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி, இலங்கை மக்களுள் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் அறுபதும் அதற்கு மேற்பட்டதுமான வயதினராயிருந்தனர். அத்தொகை மேலும் பெருகி வருகின்றது. ஆயுள் நீள்வது நற்பேறே. ஆயினும், நீண்ட ஆயுள் கட்டிலிலே கழியுமாயின் பயன் யாது? தம் காலால் நடந்து கோயிலுக்குப் போய்வரும் முதுமையன்றோ எவரும் வேண்டுவது! அதற்கு உணவு எவ்வாறு துணைசெய்யும் என்பதையே இன்று நாம் எடுத்துக்கொண்டோம்.

பசியைத் தணிப்பதோடு நில்லாது, உடலின் தொழிற்பாட்டுக்கும் தனி நன்மை செய்யும் உணவைத் 'தொழிற்பாட்டு உணவு' என்பர். இக்கருத்து 1980களில் யப்பானிலே உருப்பெற்றது. அத்தகைய உணவுகளைப் பரிசீலித்து அங்கீகரிக்கும் முறையை அந்நாட்டரசு 1991இல் ஏற்படுத்தியது. பெயர் புதிது, பொருளோ நம் அடுக்களைக்குப் பழையது.

முதுமையிலே தசை மெலிகின்றது, என்பு வலுவிழக்கின்றது, குடல் மந்தமாகின்றது. தசை மெலிந்தவர் தடுக்கி விழுகின்றார். வலுவிழந்த என்பு முறிகின்றது. ஆகவே முதியவருக்கு உணவு சிறிது போதும் என்பது பாதி உண்மையே. அளவு குறையலாம், சத்துக் குறையலாகாது. அறுபத்தைந்து வயதைக் கடந்த சுகதேகிக்கு, உடல் நிறையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என 2013இல் நிபுணர் குழுவொன்று பரிந்துரைத்தது. ஐம்பது கிலோ நிறையுடையவருக்கு இது 50 முதல் 60 கிராம் ஆகும். 100 கிராம் காய்ந்த பயற்றிலே ஏறத்தாழ 24 கிராம் புரதம் உண்டு. உழுந்து, கடலை, தயிர் ஆகியனவும் இவ்வகையில் உதவுவன.

என்புக்குக் கல்சியம் வேண்டும். 100 கிராம் குரக்கனிலே ஏறத்தாழ 350 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தீட்டிய வெள்ளையரிசியிலோ அது மிகச் சொற்பம். குரக்கன் மாவும் தவிடு நீக்காத அரிசியும் தரும் நார்ப்பொருள் மலச்சிக்கலைத் தவிர்க்க உதவும். மரக்கறி மட்டும் உண்போர் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். விற்றமின் பீ12 இயற்கையாகத் தாவர உணவிலே கிடைப்பதன்று. பாலும் தயிரும் அதனைத் தருவன. வயது ஏற ஏற இரைப்பை அதனைப் பிரித்தெடுக்கும் ஆற்றலும் குறைவதால், களைப்பும் மறதியும் மிகுந்தால் வைத்தியரிடம் கேட்டு இரத்தத்தைப் பரிசோதித்தல் நன்று.

எனினும் உணவு மருந்தாகாது. நீரிழிவுள்ளவருக்குக் குரக்கனும் அளவோடுதான். இரத்தம் உறையாதிருக்க வார்பரின் என்னும் மருந்து உட்கொள்பவர், கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. சிறுநீரக நோயாளர் எவ்வளவு புரதம் உண்ணலாம் என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

இனி, இளைஞர்களே, உங்களிடம் ஒரு சொல். பாலையும் தயிரையும் பிள்ளைகளுக்கு ஒதுக்கிவிட்டு, தாம் பாணும் தேநீருமாக இரவுணவை முடிக்கும் பாட்டிமாரை நாம் அறிவோம். பிள்ளைகள் கடல்கடந்து வாழ, அவர்கள் அனுப்பிய சத்துமாப் பேணிகள் அலுமாரியிலே அடுக்கியிருக்க, தனியே ஒருவருக்காக உலைவைக்க மனமின்றி விசுக்கோத்தோடு படுக்கைக்குப் போகும் முதியோரையும் அறிவோம். தனியே உண்பவர் குறைவாகவே உண்பர். அப்பேணிகளால் இக்குறை தீருமா? பக்கத்திலிருந்து உண்ணும் ஒருவரன்றோ அங்கே வேண்டும்!

பெரியோர்களே, உங்கள் பங்கை எங்களுக்கு ஈந்தது போதும். உங்கள் தட்டிலே பயறும் தயிரும் இருப்பதும் எங்கள் நலனே. சங்கத்து இளைஞர் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு நாளாவது அயலிலே தனித்து வாழும் முதியவர் ஒருவரோடு அமர்ந்து உண்ண முன்வருவாராக. அதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. ஒரு பிடி பயறும் ஒரு மணி நேரமும் போதும்.